இன்ஹேலருடன் சீன மூலிகை: நுரையீரல் அடைப்பு நோயாளியின் நீண்டகால அனுபவம்

சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக, மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலர்களோடு 'யூ பிங் ஃபெங் சான்' என்ற சீன மரபு மருந்தையும் சில ஆண்டுகளாக எடுத்து வருகிறேன். ஹுவாங் ச்சி, பாய் ஜூ, ஃபாங் ஃபெங் ஆகிய மூன்று மூலிகைகளின் வேர்ப்பகுதிகளால் ஆன இம்மருந்து, அடிக்கடி சளி பிடிப்பவர்களுக்கென்று சீன மருத்துவத்தில் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது. எங்களைப் போன்றவர்களுக்குச் சாதாரண ஜலதோஷமே நெஞ்சில் இறங்கி நோயைத் தீவிரமாக்கி, நுரையீரலின் திறனில் ஒரு பங்கைப் பறித்துக்கொண்டு போய்விடும் என்பதால்தான் இதில் எனக்கு நாட்டம் வந்தது.

வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் குறுணைகளாகவே வாங்குகிறேன். மாதங்கள் செல்லச் செல்ல, காலையில் சளியை வெளியேற்றுவது எளிதானது. ஜலதோஷம் நெஞ்சுக்கு இறங்குவதும் குறைந்தது. ஆனால் அதே காலத்தில்தான் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் மூச்சுப் பயிற்சியும் தொடங்கின; ஆகவே முழுப் பெருமையையும் மூலிகைக்குக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் பரிசோதனையில், முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு கூடவே இல்லை. நோய் தீவிரமாகும் தடவைகள் குறைவதாகச் சீனாவில் நடந்த சில ஆய்வுகள் கூறினாலும், இத்துறையின் ஆய்வுகள் பல சிறியவை, தரத்திலும் குறையுள்ளவை.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது வேறொன்று. இருமல் கூடியபோது மூலிகை மருத்துவர் வேறொரு கலவையை எழுதித் தந்தார். அந்தச் சீட்டை நுரையீரல் மருத்துவரிடம் காட்டியதும், அவர் பேனாவால் இரண்டு பெயர்களைச் சுற்றி வட்டமிட்டார்: மா ஹுவாங், கான் சாவ். மா ஹுவாங் என்ற மூலிகையில் உள்ள எஃபெட்ரின் என்ற வேதிப்பொருள் மூச்சுக்குழாயை விரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும், மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் மருந்தான சால்பூட்டமாலோடு சேர்ந்தால் படபடப்பு இன்னும் கூடும். இது கலந்த துணை உணவுப் பொருள்களை அமெரிக்கா 2004இல் தடை செய்தது. கான் சாவ் என்பது அதிமதுர இனம். தொடர்ந்து உட்கொண்டால் உடலில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும். சால்பூட்டமாலும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் குறைப்பவையே என்பதால், மூன்றும் சேரும்போது இதயத் துடிப்பே தடம் புரளக்கூடும். அந்தக் கலவையை நான் வாங்கவில்லை.

இருமலுக்கென்றே ஒரு காலத்தில் தரப்பட்ட மா தோவ் லிங் என்ற மூலிகை இன்னும் கொடியது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும். பெயர்ப்பட்டியல் இல்லாத பொடி ஓரிரு நாளில் மூச்சிரைப்பை அடக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இன்றும் குறுணைப் பொட்டலத்தின் பெயர்ப்பட்டியலை ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுத்துச் செல்கிறேன். சளி பச்சையாகி மூச்சு கூடுதலாக வாங்கினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, குறுணையை நம்பிக் காத்திருக்காமல் அன்றே நுரையீரல் மருத்துவரை அழைத்துவிடுகிறேன்.