தெளிந்த மூடி போட்ட எவர்சில்வர் டப்பாக்கள்: எங்கள் சாமான் அறையில் ஏழு மாதம்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஆறு பேருக்கு ஒரே சமையல். அறுவடை நேரத்தில் பத்துப் பேர் ஆகிவிடும். அடுப்படியை ஒட்டி எட்டுக்கு ஆறு அடியில் ஒரு சாமான் அறை, கடப்பைக் கல் போட்ட ஐந்து தட்டு. போகிக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் பரப்பினேன். எண்ணிப் பார்த்தால் 61 டப்பா. ஹார்லிக்ஸ் பாட்டில், தீபாவளிக்கு வந்த இனிப்பு டப்பா, பெயின்ட் வாளி, அத்தை கல்யாணத்தில் சீராக வந்த பித்தளைத் தூக்கு, மூடி இல்லாத சம்படம் என்று ஒன்றைப் போல ஒன்று இல்லை.

சோம்பு மட்டும் ஐந்து இடத்தில் இருந்தது. ஒன்றாகக் கொட்டி நிறுத்தினால் முக்கால் கிலோ. மாதத்துக்கு 50 கிராம் சோம்புகூட எங்களுக்குச் செலவாகாது. இருப்பது கண்ணில் படாததால், மளிகைச் சீட்டு எழுதும்போதெல்லாம் சோம்பையும் எழுதியிருக்கிறேன். கடலைப்பருப்பும் அப்படித்தான், பெருங்காயமும் அப்படித்தான். பொட்டுக்கடலை ஒரு கிலோ சிக்கு வாடை அடித்து மாட்டுக்குப் போனது. காசு கொடுத்து வாங்கிய பொருள் வீணாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அன்றைக்குத்தான் ஒரே மாதிரி டப்பா வாங்குவது என்று முடிவு செய்தேன்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பழைய எவர்சில்வரை எடைக்குப் போட்டுவிட்டு, மேலே 3,900 ரூபாய் கொடுத்து 16 டப்பா எடுத்தேன். பெரியது நான்கு, நடுத்தரம் ஆறு, சின்னது ஆறு. உடம்பு எவர்சில்வர், மூடி தெளிவாக இருக்கும், மூடியின் உள்பக்கம் ரப்பர் மாதிரி ஒரு சிலிகோன் வளையம். 'கண்ணாடி மூடி' என்றுதான் கடையில் சொல்கிறார்கள். ஆனால் அது கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் அளவைக் கவனியுங்கள். கடைக்காரர் 'ஒரு கிலோ டப்பா' என்பார். அது ஒரு லிட்டர் டப்பா. வீட்டில் தராசு வைத்து நிரப்பிப் பார்த்தேன். துவரம்பருப்பு 850 கிராம் பிடித்தது, கேழ்வரகு மாவு தட்டாமல் போட்டால் 600 கிராம்தான். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை ரப்பர் பேண்டு போட்டு ஒரு மூலையில் சொருகுவோம். எங்கள் வீட்டுக் குப்பையே அந்த மிச்சப் பாக்கெட்டுகளில் ஆரம்பித்ததுதான். ஒரு கிலோ வாங்கும் சாமானுக்கு ஒன்றரை லிட்டர் டப்பா எடுங்கள், மாவாக இருந்தால் இரண்டு லிட்டர்.

அடுத்தது தட்டு. மூடி தெளிவாக இருப்பதால் எது எங்கே இருக்கிறது என்று உடனே தெரியும் என்று நினைத்தேன். தெரியும்தான், டப்பா நம் கண்ணுக்குக் கீழே இருந்தால். மேல் தட்டில் வைத்தால் பக்கவாட்டில் எவர்சில்வர்தானே தெரிகிறது, மூடி எங்கே தெரியும்? ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாலும் அடி டப்பாவின் மூடி மறைந்துவிடும். முதல் வாரம் பழைய கதையே நடந்தது, வெந்தயம் தேடி நாலு டப்பா திறந்தேன். அப்புறம் மாற்றி வைத்தேன். கீழே இருக்கும் மூன்று தட்டுக்கு இந்த டப்பாக்கள், அடுக்காமல் ஒற்றை வரிசை. மேல் இரண்டு தட்டுக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களிலேயே நல்லதாக எட்டு. கண்ணாடி பாட்டில் எந்த உயரத்தில் இருந்தாலும் உள்ளே இருப்பது தெரிகிறது. அன்றிலிருந்து சோம்பு ஒரே இடத்தில் இருக்கிறது.

இனி பூச்சி விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிறையப் பேர் 'காற்றுப் புகாத டப்பா' என்றால் பூச்சியே வராது என்று நம்பி வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

தை மாதம் எங்கள் காட்டில் கேழ்வரகோடு போட்டிருந்த அவரை காய்ந்து வந்தது. உரித்த அவரைக்கொட்டையை ஒரு வெயில் காட்டி, அன்றைக்கே ஐந்து லிட்டர் டப்பாவில் போட்டு மூடினேன். மாசி கடைசியில் குழம்புக்கு எடுக்கலாம் என்று திறந்தால் மாவு மாவாகக் கொட்டிக் கிடந்தது, குட்டி வண்டுகள் ஓடின. டப்பாவில்தான் கோளாறு, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறேன் என்று கோபமாகச் சொன்னேன். அத்தை ஒரு கைப்பிடி அள்ளி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கட்டை விரலால் ஒவ்வொரு கொட்டையாக உருட்டிக் காட்டினார். பழுப்புக் கொட்டையின் மேல் ஊசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி. சில கொட்டையில் இரண்டு, மூன்று. "பாரும்மா, இது முட்டை. டப்பாவுல வந்ததில்ல, காட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கு. நீ உள்ள வெச்சுப் பூட்டிட்ட."

பூச்சி காட்டிலிருந்தே வந்தது என்று அவர் சொன்னது சரி. செடி நிலத்தில் நிற்கும்போதே பயறு வண்டு காயின் மேல் முட்டை வைக்கும். புழு கொட்டைக்குள் துளைத்துப் போய்த் தின்று வளர்ந்து, வண்டாகி வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். வந்த வண்டு டப்பாவுக்குள்ளேயே கொட்டைகளின் மேல் மறுபடி முட்டை வைக்கும். நாம் பார்க்கும் ஓட்டை வண்டு வெளியே வந்த வழி. ஆகவே டப்பா வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. இப்போது பயறு வகை எதுவானாலும் மூன்று நாள் நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காய வைக்கிறேன். சாயந்திரம் எடுத்து, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போடுகிறேன். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வியர்த்துவிடும், அந்த ஈரமே போதும் கெடுவதற்கு. இந்த இடத்தில் தெளிந்த மூடி உண்மையாகவே உதவுகிறது. வியர்வை துளித்துளியாகத் தெரிகிறது, உடனே திறந்து மறுபடி காய வைக்கலாம். துவரைக்கு அத்தை செம்மண் கட்டிக் காய வைப்பதை இன்னும் விடவில்லை. அந்தத் துவரைக்கு டப்பாவே வேண்டாம், பானையிலேயே கிடக்கிறது.

மூட்டையில் இருக்கும் அரிசிக்கு, கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய்ப் பொறி ஒன்று சொருகியிருக்கிறேன். சுற்றிலும் சின்னச் சின்னத் துளை போட்ட குழாய். தானியத்துக்குள் இருக்கும் வண்டு காற்று இருக்கும் இடம் தேடி ஊர்ந்து, துளை வழியாக உள்ளே வந்தால் அடியில் இருக்கும் கூம்பில் விழும், ஏற முடியாது. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது. வாரம் இரண்டு முறை எடுத்துக் கொட்டுகிறேன். டப்பாவுக்குச் செலவழிப்பவர்கள் இதற்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

புளியை மட்டும் தயவுசெய்து இதில் போடாதீர்கள். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வருஷப் புளி உண்டு. கொட்டை எடுத்து, கல் உப்பு போட்டு இடித்து வைப்போம். பெரிய டப்பா ஒன்று காலியாக இருந்ததால் பங்குனியில் அதில் அடைத்தேன். இரண்டு மாதத்தில் உள்சுவரில் மிளகு மிளகாகக் கறுப்புப் புள்ளி, தடவினால் குழி தட்டுப்படுகிறது. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் எவர்சில்வரையும் அரிக்கும். விலை குறைந்த 202 ரகமாக இருந்தால் சீக்கிரமே அரிக்கும், 304 ரகம் கொஞ்சம் தாங்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலுமே பெரும்பாலும் ஒட்டாது. அடியில் எண் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். புளி திரும்பவும் பீங்கான் ஜாடிக்கே போய்விட்டது. அந்த டப்பாவில் இப்போது அப்பளம், வடகம்.

கேழ்வரகுக்கும் இது தேவையில்லை. முழுத் தானியமாக, காய்ந்ததாக இருந்தால் சாக்கிலேயே வருஷக்கணக்கில் பூச்சி தொடாமல் இருக்கும். அரைத்த மாவுக்குத்தான் டப்பா. கம்பு மாவு நேர் எதிர். அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்த சில நாளிலேயே கசக்க ஆரம்பிக்கும், எந்த டப்பாவாலும் அதை நிறுத்த முடியாது. பெரிய டப்பா இருக்கிறதே என்று நிரப்ப அரைக்காமல், ஒரு லிட்டருக்கு மட்டும் அரைக்கிறேன்.

குறை என்று பார்த்தால் மூடிதான். வறுத்த ரவையைச் சூடு ஆறாமல் கொட்டி மூடியதில் ஒன்று விரிசல் விட்டது. கடையில் மூடி தனியாகத் தரமாட்டேன் என்றார்கள், டப்பாவோடுதான் விற்பார்களாம். நல்ல டப்பா ஒன்று மூடி இல்லாமல் நிற்கிறது, இது எனக்கு ரொம்ப வருத்தம். வளையத்தில் வாடை பிடிக்கிறது. பெருங்காயம் வைத்த டப்பாவைக் கழுவிச் சர்க்கரை போட்டேன், காப்பியில் பெருங்காயம் மணத்தது. வளையத்தைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டால் குறைகிறது, முழுக்கப் போகவில்லை. மசாலா டப்பாவை மசாலாவுக்கே விட்டுவிடுங்கள். இன்னொன்று, மாமாவுக்கு மூடி திறக்க வரவில்லை. விரல் மூட்டு வலி, இறுக்கமான மூடியை இழுக்க முடியவில்லை. அவர் எடுக்கும் நாட்டுச்சர்க்கரையும் வறுகடலையும் பழைய திருகு மூடி பாட்டிலுக்கு மாற்றிவிட்டேன்.

61 இருந்த இடத்தில் இப்போது டப்பா, பாட்டில், ஜாடி, பானை எல்லாம் சேர்த்து 31. அத்தையின் பித்தளைத் தூக்கை எடைக்குப் போடவில்லை. புளி போட்டு விளக்கி, நடுத் தட்டில் விதை அவரைக்கு வைத்திருக்கிறோம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போய்விட்டு நாத்தனார் குடும்பத்தோடு இரவு வந்து இறங்கினார். நான் மாட்டுக் கொட்டகையில் இருந்தேன். வந்து பார்த்தால் அவரே சாமான் அறையில் எடுத்துப் போட்டு ரவை கிளறிக்கொண்டிருக்கிறார், கடுகு எங்கே, பருப்பு எங்கே என்று ஒரு குரல்கூட வரவில்லை.

இன்னும் வாங்கினால் ஒன்றரை லிட்டரில் நான்கு வாங்குவேன், ஐந்து லிட்டர் இனி வேண்டாம். மூடி தனியாகக் கொடுக்கும் கடையாகப் பார்த்துத்தான் வாங்குவேன்.