ஸ்கிராட்ச் ஜூனியர்: பூனை நன்றாக நடக்கிறது, மார்க் நாம்தான் போட வேண்டும்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தஞ்சாவூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் சேர்த்து 19 பிள்ளைகள் என் பொறுப்பில். அரசு கொடுத்த டேப் ஒன்று, ஊர்க்காரர் ஒருவர் வாங்கித் தந்தவை இரண்டு. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டு முழுக்க, கட்டளைப் படங்களை (பிளாக்குகளை) வரிசையாகக் கோத்துத் திரையில் ஒரு பூனையை நகர்த்திக் கோடிங் பழகும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலியைப் பிள்ளைகளோடு ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பயிற்சி வகுப்புக்குப் போகிற இடத்திலெல்லாம் "கோடிங் சொல்லிக்கொடுக்க எதைப் போடலாம் டீச்சர்?" என்று கேட்கிறவர்களுக்காக.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இலவசம், விளம்பரம் கிடையாது. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட்டே வேண்டாம். இங்கே நாலு தூறல் விழுந்தால் டவர் போய்விடும் என்பதால் என்னிடம் முழு மார்க் வாங்கியது இதற்குத்தான். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கென்று அமெரிக்காவில் மரினா பெர்ஸ், மிட்செல் ரெஸ்னிக் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து செய்து 2014-ல் வெளியிட்டது. பிளாக்குகளில் ஒரு எழுத்துகூட இல்லை, எல்லாம் படம். அம்புக்குறி, தொட்டதும் கோத்ததை ஓடவிடும் பச்சைக் கொடி, ஒரு பாத்திரம் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் தபால் உறை. அதனால் ஆங்கிலம் தெரியாத பிள்ளை, தமிழே இன்னும் தடுமாறிப் படிக்கிற பிள்ளை, எல்லோரும் ஒரே வேகத்தில் உள்ளே வந்துவிட்டார்கள். பெயரும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்: குதி, சுத்து, தபால். முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓட வைக்கும் பிளாக்குக்கு 'ஓயாது'.

கட்டம் காட்டும் பட்டனை அழுத்தினால் பூனை நடமாடும் மேடை 20-க்கு 15 கட்டமாகப் பிரிந்து தெரியும். கீழே 1 முதல் 20 வரை எண்கள். பூனையை 3-ல் நிறுத்தி, மரத்தை 9-ல் வைத்து, அம்புக்குறி பிளாக்கில் எத்தனை போட்டால் பூனை மரத்தடிக்குப் போகும் என்று கேட்டேன். பாதிப் பேர் 7 போட்டார்கள். பூனை மரத்தைத் தாண்டிப் போய் நின்றது. நிற்கிற கட்டத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். சரியாக 6 போட்டவர்கள் யார் என்று பார்த்தால், கணக்கில் கெட்டிக்காரர்கள் இல்லை. வீட்டில் ஆயாவோடு தாயம் ஆடுகிறவர்கள்! காய் நிற்கிற கட்டத்தை எண்ண ஆயா விடுவாரா? மறுநாள் டேப்பை மூடி வைத்துவிட்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையை நகர்த்த வைத்தேன். 7 போட்டவர்கள் அன்றே சரியாகிவிட்டார்கள்.

திரும்பும் பிளாக்கும் அழகு. 12 என்று போட்டால் பூனை ஒரு முழுச் சுற்று. கோணம், டிகிரி எதுவும் வேண்டாம், கடிகாரத்தைக் காட்டினால் போதும். "3 போட்டா மூணு மணி முள்ளு மாதிரி" என்று ஒரு பையனே சொல்லிவிட்டான். ஆனால் காத்திருக்கும் பிளாக்கில் என்ன நினைத்தார்களோ, ஒரு நொடி நிற்க 10 போட வேண்டும். நொடியில் பத்தில் ஒரு பங்கு கணக்காம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? "பத்து போட்டா ஒண்ணு" என்று மந்திரம் போல மனப்பாடம் செய்ய வைத்தேன். இதில் எனக்கு மனத்தாங்கல்தான்.

வரைகிற பகுதி இன்னொரு தொல்லை. பூனைக்கு வண்ணம் அடிக்கலாம், கேமராவில் தன் முகத்தையே எடுத்து ஒட்டலாம். 40 நிமிட வகுப்பில் 30 நிமிடம் அதிலேயே போகிறது. இப்போதெல்லாம் வண்ணம் வெள்ளிக்கிழமை மட்டும்.

பெரிய குறை எது என்றால், பிள்ளைக்கொரு கணக்கு கிடையாது. ஒரு டேப்பில் ஆறேழு பேர் செய்தது எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும். விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பெருக்கல் குறி வரும், அதைத் தொட்டால் அழிந்துவிடும். ஒரு பெண் மூன்று நாளாகச் செய்த கல்யாண ஊர்வலத்தை இன்னொருத்தன் தெரியாமல் அழித்துவிட்டான். அன்று மதியச் சாப்பாடு வரை அழுகை. மேல் வலது மூலையில் இருக்கும் மஞ்சளைத் தொட்டுப் பெயரை மாற்றலாம் என்பதை நான் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது முதல் வேலையே பெயரெழுதுவது.

இனி மதிப்பீட்டுக்கு வருகிறேன். இந்தச் செயலியில் அதற்கு ஒன்றுமே இல்லை. யார் எதைக் கற்றார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று ஒரு வரிகூடச் சொல்லாது. சரி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்றால், எதைப் பார்ப்பது?

என் தங்கை மகள் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். கோடிங்குக்குத் தனிக் கட்டணம், ஆண்டு முடிவில் பரீட்சை, சான்றிதழ். வினாத்தாளை வாங்கிப் பார்த்தேன். பச்சைக் கொடி எதற்கு, மஞ்சள் பிளாக்கின் பெயர் என்ன, இப்படியே 25 கேள்விகள். அவள் 25-க்கு 25. என் டேப்பில் இரண்டு பிளாக் போட்டு "இதை அழுத்தினா என்ன ஆகும்டி?" என்றேன். "அழுத்திப் பாத்தாத்தானே பெரியம்மா தெரியும்" என்றாள். பாவம், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அழுத்துவதற்கு முன்னால் சொல்லத் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் 2014 செப்டம்பரிலிருந்து 5 வயதிலேயே கணினிப் பாடம் உண்டு. 7 வயதுக்குள் பிள்ளை எளிய நிரல் எழுத வேண்டும், பிழை திருத்த வேண்டும், நிரல் என்ன செய்யும் என்று யோசித்து முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அவர்களுடைய பாடத்திட்டம் கேட்கிறது. அதே சமயத்தில் பழைய மதிப்பீட்டு நிலைகளையும் எடுத்துவிட்டார்களாம், எப்படி அளப்பது என்று பள்ளிகளே வழி பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெர்ஸ் குழுவிலிருந்தே 2020-ல் டெக்செக் என்று 15 கொள்குறி வினாக்கள் கொண்ட ஒரு மதிப்பீடு வந்தது, டேப்பே தேவையில்லை. கோடிங் படிக்காத பிள்ளையும் எழுதலாம் என்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்தது ஏறியிருக்கிறதா என்று பார்க்க அது எனக்கு உதவவில்லை.

கடைசியில் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நாங்கள் தினமும் புழங்குகிற அரும்பு, மொட்டு, மலர் என்கிற மூன்று கற்றல் நிலைகளையே எடுத்துக்கொண்டேன். பிள்ளை தனியாக என் பக்கத்தில் உட்காரும், ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் போட்ட பிளாக்கைப் பார்த்து, அழுத்தாமலே பூனை எங்கே நிற்கும் என்று விரல் வைத்துக் காட்டினால் அரும்பு. நான் வேண்டுமென்றே கெடுத்து வைத்ததைச் சரிசெய்து, எது தப்பு என்றும் சொன்னால் மொட்டு. திரும்பச் செய்யும் பிளாக்கையோ தபாலையோ தானாகவே தேவையான இடத்தில் போட்டால் மலர். தேர்வு என்று சொல்லவில்லை. "பூனையோட விளையாடலாம் வா" என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் சுற்றிலேயே என் கணக்கு தலைகீழாகிவிட்டது. வகுப்பிலேயே அழகான ஊர்வலம் செய்திருந்தவளுக்கு, நான்கு முறை ஒரே பிளாக்கைப் போடுவதற்குப் பதில் திரும்பச் செய்யும் பிளாக்கைப் போடலாம் என்று தெரியவில்லை. பார்வையிட வந்தவர்கள் பாராட்டியது அவளுடையதைத்தான். வெறும் பூனையை மட்டும் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். மூன்றாம் வகுப்பு முடியும்போது இது போதாமல் போகும். 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' என்கிற பிளாக் இல்லை, எண்ணிக்கை வைத்துக்கொள்ள வழியில்லை, ஒரு கதைக்கு நான்கு பக்கத்துக்கு மேல் கிடையாது. அப்புறம் பெரிய பிள்ளைகளுக்கான ஸ்கிராட்ச்தான். டேப் இல்லாமல் ஃபோனில் முயலாதீர்கள், அவ்வளவு சின்னத் திரையில் விரல் வைக்க இடமிருக்காது. குரல் பதிவு செய்வதை வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்குள் என்றால் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடுதான் பூனையின் வாயிலிருந்து வரும்.

போன மாதம் ஒரு இரண்டாம் வகுப்புப் பெண்ணை உட்கார வைத்து, பூனையை 5-ல் நிறுத்தி, வலப்பக்கம் 20 என்று போட்டு, எங்கே நிற்கும் என்றேன். வெளியே போய்விடும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். ஓரத்துக்குப் போன பூனை மறுபக்கத்திலிருந்து வருவதை அவள் எப்போதோ பார்த்து வைத்திருக்கிறாள். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே விரலைத் திரையின் ஓரம் வரை கொண்டுபோனாள், எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள், மறுபடி 5-க்கு வந்து நிறுத்தினாள்.

"இங்கயேதான் டீச்சர் நிக்கும். ஒரு சுத்து சுத்திட்டு வந்துரும்."

கொடியை அழுத்தச் சொல்லவே மறந்துவிட்டேன்.