டர்பனில் பிள்ளைக்கு ஐ.க்யூ சோதனை: எங்கள் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரேயா பக்கம் தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு கல்வி உளவியலாளரிடம் என் மகளுக்கு அறிவுத்திறன் சோதனை செய்தோம். கொடுத்த காசுக்கு இது தகும் என்பதே என் முடிவு. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் அம்மாக்கள் பலர் கோவிலில் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மகள் கிரேடு 3. கணக்குத் தாளில் அவள் போட்டதெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பாதித்தாள் வெறுமையாக இருக்கும். பள்ளியில் "மந்தம்" என்ற அர்த்தத்தில் பேச ஆரம்பித்து, அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைக்கலாமா என்று கேட்டார்கள். வீட்டில் லிஃப்ட் எப்படி மேலே போகிறது, கப்பல் ஏன் மூழ்குவதில்லை என்று விடாமல் கேட்கிற பிள்ளை. பள்ளியில் சொல்வதும் வீட்டில் நான் பார்ப்பதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

முதல் சந்திப்புக்குப் பெற்றோர் மட்டும் போனால் போதும். பிரசவம் எப்படி நடந்தது, எப்போது பேசினாள், இரவில் எப்படித் தூங்குகிறாள், வீட்டில் என்ன மொழி, பள்ளியில் என்ன மொழி என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இரண்டாம் மொழியாக ஆப்பிரிகான்ஸ் என்றதும் அதைத் தனியாகக் குறித்துக்கொண்டார். அப்புறம், கண்ணையும் காதையும் பரிசோதித்து அறிக்கை கொண்டு வந்தால்தான் சோதனைக்குத் தேதி தருவேன் என்றுவிட்டார். பார்வை மங்கலாக இருக்கிற பிள்ளைக்கு வரும் குறைந்த மதிப்பெண் அறிவைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பது அவர் சொன்ன காரணம். அங்கேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

சோதனை வெக்ஸ்லர் சிறுவர் சோதனையின் ஐந்தாம் பதிப்பு. 6 வயது முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கானது. டேவிட் வெக்ஸ்லர் முதல் பதிப்பை 1949இல் கொண்டுவந்தார், இந்தப் பதிப்பு 2014இல் வந்தது. காலை நேரம், பிள்ளை நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வர வேண்டும். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை, கேள்விகளையும் காட்ட மாட்டார்கள். அது சரிதான், கேள்வி வெளியே போனால் சோதனையே கெட்டுவிடும். வகைகளை மட்டும் விளக்கினார்: சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவருவது, விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிப்பது, இரண்டு பொருள்களுக்கு என்ன ஒற்றுமை என்று சொல்வது, எண்களைக் கேட்டு நேராகவும் தலைகீழாகவும் திருப்பிச் சொல்வது, நேரம் வைத்துக் குறியீடுகளை வேகமாக எழுதுவது. மகள் வெளியே வந்ததும் கட்டைகளைப் பற்றித்தான் பேசினாள்.

இந்தச் சேவையில் உண்மையான மதிப்பு அதற்கடுத்த சந்திப்பில் இருக்கிறது. முடிவைச் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் எங்களோடு உட்கார்ந்தார். மொத்த எண் 105. அதைச் சொன்ன கையோடு, உண்மையான மதிப்பு 99க்கும் 111க்கும் இடையில் இருக்கும் என்றுதான் 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். 100 என்பது அதே வயதுப் பிள்ளைகளின் சராசரி. மூன்றில் இரண்டு பிள்ளைகள் 85க்கும் 115க்கும் நடுவே வருவார்கள். அப்புறம் அந்த மொத்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து பிரிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார். புதிய சிக்கலை யோசித்து அவிழ்க்கும் பிரிவில் 118. நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் 88 பேருக்கு முன்னால் நிற்கிறாள். வேகப் பிரிவில் 82. அங்கே 88 பேருக்குப் பின்னால். இப்படிப் பிரிவுக்குப் பிரிவு இவ்வளவு தூரம் இருக்கும்போது 105 என்ற ஒற்றை எண் இந்தப் பிள்ளையை விவரிக்கவே இல்லை என்றார். பாதித்தாள் ஏன் வெறுமையாக இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒப்பிட்டது யாரோடு என்றும் கேட்டேன். பிரிட்டன் பிள்ளைகளைக் கொண்டு தரப்படுத்திய பதிப்பு என்று மறைக்காமல் சொன்னார். மொழி சார்ந்த பிரிவின் மதிப்பெண்ணை, வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது கீழ் எல்லை என்று கொள்ளுங்கள் என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார். உள்நாட்டுச் சோதனை இல்லையா? இருக்கிறது. எஸ்.எஸ்.ஏ.ஐ.எஸ்-ஆர் என்று பெயர். ஆங்கிலமும் ஆப்பிரிகான்ஸும் பேசும் வெள்ளை, கலப்பின, இந்தியப் பிள்ளைகளை வைத்து 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நம் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருந்தார்கள், இந்த நாட்டின் பெரும்பான்மைக் கறுப்பினப் பிள்ளைகள் அதில் இல்லை. அதோடு அந்த அளவுகோல் பழசாகிவிட்டது. அமெரிக்காவில் 1932 முதல் 1978 வரை சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 14 புள்ளி ஏறியதை ஜேம்ஸ் ஃபிளின் என்ற ஆய்வாளர் 1984இல் காட்டினார். பழைய அளவுகோலில் அளந்தால் இன்றைய பிள்ளை எண் உயர்ந்து தெரியும்.

யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்ற கேள்வியை இந்த நாட்டில் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. வெள்ளைப் பிள்ளைகளுக்கான சோதனைகளைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வைத்து, அவர்களுக்குப் பிறவியிலேயே கல்வித்திறன் குறைவு என்று ஃபிக் என்பவர் 1939இல் எழுதினார். வீடு, உணவு, பள்ளி எல்லாம் வேறாக இருக்கும்போது அப்படி ஒப்பிடவே முடியாது என்று சைமன் பீஷூவல் என்ற உளவியலாளர் 1943இல் மறுத்தார். வேலைக்கு எடுக்கும் இடங்களில் எல்லோருக்கும் நியாயமாகப் பொருந்தாத உளச்சோதனையைத் தடுக்கும் சட்டம் 1998இல்தான் வந்தது. 1905இல் பாரிஸில் முதல் சோதனையைச் செய்த ஆல்ஃபிரட் பினேயின் நோக்கமே வேறு. பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார். அறிவு என்பது கூட்டவே முடியாத அளவு என்ற பேச்சை அவர் எதிர்த்தார். எங்கள் உளவியலாளர் சோதனையை அந்த நோக்கத்துக்குத்தான் பயன்படுத்தினார். எனக்கு அதில் பெரிய நிறைவு.

இனி குறைகள். கட்டணம் பல ஆயிரம் ரேண்ட், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) ஒரு பகுதியைத்தான் கொடுத்தது. கீழ்மட்டச் சம்பளக் குடும்பத்துக்கு இது எட்டாது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. எழுத்து அறிக்கை சொன்ன தேதிக்கு வரவில்லை, இரண்டு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. வந்த அறிக்கையோ நேரில் அவர் பேசியதைப் போல எளிதாக இல்லை. அட்டவணையும் கலைச்சொல்லுமாக நீள்கிறது. ஆசிரியர் செய்ய வேண்டியது கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. பள்ளியில் முதல் பக்கத்து 105ஐப் பார்த்துவிட்டு "சராசரிதானே" என்றார்கள். கடைசிப் பக்கத்தைத் தனியாகப் பிரதி எடுத்துக் கொடுத்து நான்தான் பேச வேண்டியிருந்தது. இப்போது தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள், கரும்பலகையிலிருந்து எழுத வேண்டியதை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு வருடம் உட்கார வைக்கும் பேச்சு நின்றுவிட்டது.

யாரிடம் போனாலும் அவர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ (இந்த நாட்டின் சுகாதாரத் தொழில்களுக்கான கவுன்சில்) அமைப்பில் பதிவு செய்த உளவியலாளரா என்று முதலில் பாருங்கள். முடிவை நேரில் விளக்கும் சந்திப்பு கட்டணத்துக்குள் அடங்குமா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். அடங்காது என்றால் வேறு இடம் பாருங்கள். பயிற்சித்தாள் விற்கிற டியூஷன்காரர்களிடம் போகவே வேண்டாம், பழகிப்போன பிள்ளைக்கு வரும் எண் பொய்யாகிவிடும். வருட இறுதித் தேர்வு நெருங்கும்போது இவரிடம் இடம் கிடைப்பது கஷ்டம், ஜனவரியில் பள்ளி திறந்ததுமே கூப்பிடுவது நல்லது.