செஞ்சியா, வேலூரா? அம்மாவோடு ஒரு நாள் கோட்டைப் பயணம்

மாசி மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு கோட்டைக்குப் போகலாம் என்று முடிவானது. கோயிலும் மசூதியும் ஒரே மதிலுக்குள் இருக்கிற கோட்டை, காலையில் கிளம்பி இரவுக்குள் சென்னை திரும்புகிற தூரம் என்று பார்த்தால் இரண்டுதான்: செஞ்சி, வேலூர். நாங்கள் வேலூர் போனோம். யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

செஞ்சியின் பெருமை தெரிந்ததுதான். மூன்று மலை, 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை, 2025இல் யுனெஸ்கோ பட்டியல். அந்த மலைகளில் ஒன்றான ராஜகிரி ஏறக் காலில் வலு இருந்தால் யோசிக்க வேண்டாம், அங்கேயே போங்கள். மலை ஏறாதவர்களுக்கும் கீழே வெங்கடரமணர் கோயிலும் சதாத்துல்லா கான் மசூதியும் உண்டு. கல்லூரி நாளில் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். அங்குள்ள இன்னொரு மலையான கிருஷ்ணகிரி ஏறியதில்லை, அதைப் பற்றிப் பேச மாட்டேன். வெங்கடரமணர் கோயில் கோபுர வாசலின் சிற்பங்கள் அருமை. ஆனால் அன்று உள்ளே விளக்கு இல்லை, மணி இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அந்த விளக்குதான். வேலூர் ஜலகண்டேசுவரர் கோயிலும் அப்படி வெறுமையாகக் கிடந்ததுதான். பல தலைமுறைகளாகப் பூசை இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காகக்கூட இருந்தது. 1981 மார்ச்சில் பக்கத்திலுள்ள சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். அதிலிருந்து இன்றுவரை வழிபாடு நடக்கிறது. இதைச் சொன்னதும் அம்மா, "அவ்வளவு வருஷம் சாமி இல்லாம இருந்ததா?" என்று கேட்டுவிட்டு, அகிலாண்டேசுவரி சன்னதியில் வெகுநேரம் நின்றார். அப்புறம் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தோம். முன்கால் தூக்கிய குதிரைகளும் யாளிகளும் தூணுக்குத் தூண் நிற்கின்றன. அண்ணாந்தால் விதானத்தில் ஒரு பூவைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள். அம்மா ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார், நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து. செஞ்சியில் அவரை இவ்வளவு நேரம் உட்கார வைத்திருக்க முடியாது, வெயிலே விரட்டியிருக்கும்.

தரை சமம், அகழியில் தண்ணீர். 1846இல் கட்டிய புனித யோவான் தேவாலயமும் நடக்கிற தூரம்தான். 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம் என்பதும் சேர்த்தி.

வேலூரின் குறை மசூதிதான். பொதுமக்களை உள்ளே விடுவதில்லை, வெளியே நின்று பார்த்ததோடு சரி. மசூதிக் கட்டடக் கலை பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் செஞ்சிக்கே வண்டியைத் திருப்புங்கள்.

நாங்கள் போனது ஒரு சாதாரண புதன்கிழமை. பிரதோஷத்தன்று கூட்டம் எப்படி இருக்கும் என்பதை உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.