இரண்டு எம்.சி.பி.யை மாட்டிவிட்டு சேஞ்ச் ஓவர் என்று காசு வாங்கினார்கள்

வீட்டில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். டெல்டா பக்கம் இருப்பவர்கள் உங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரச் சுவரில் பதினோரு மாதம் ஒரு பெட்டி இருந்தது. வீட்டை ஈ.பி. லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிப் போடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று சொல்லி என்னிடம் அதற்குக் காசு வாங்கினார்கள். உள்ளே அது இல்லவே இல்லை. பளு கூடினால் தானாக அணைகிற எம்.சி.பி. என்ற சாதாரண சுவிட்ச் இரண்டுதான் இருந்தன. போன கார்த்திகையில் எங்கள் தெருக் கம்பத்தில் ஏற வந்த லைன்மேன் ஒரு நிமிடம் அவசரப்பட்டிருந்தால் அவர் உயிர் போயிருக்கும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தலைக்கு மேல்தான் போனது. மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. அந்த நாட்களில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் வீடு வீடாக வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு டேங்க்கில் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. நெபுலைசர் வைக்க வழியில்லாமல் அவரை ஆட்டோவில் மன்னார்குடிக்குக் கூட்டிப்போனதை என்னால் மறக்க முடியாது. கையில் காசு சேர்ந்ததும் ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு இத்தனை வருடம் ஆனது. போன வருடத்துக்கு முந்தைய மார்கழியில் 5 கேவிஏ சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர் ஒன்று வாங்கினேன். ஜெனரேட்டரில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை வீட்டு ஒயரிங்கோடு இணைக்கும் வேலையைத்தான் டவுனில் உள்ள ஓர் எலக்ட்ரிகல் கடையிடம் ஒப்படைத்தேன். கடைக்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். 63 ஆம்ப்ஸ் டபுள் போல் சேஞ்ச் ஓவர் 6,200 ரூபாய், 6 ஸ்கொயர் காப்பர் கேபிள் 4,900, எர்த் குழி 4,500, கூலி 3,000, ஆக மொத்தம் 18,600. "ஜிஎஸ்டி பில் போட்டா இன்னும் கூடும் டீச்சர், உங்களுக்கு எதுக்கு அது" என்றார். நானும் சரி என்றேன். பணத்தைப் போனில் அனுப்பினேன். பின்னால் எனக்குக் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. தாழ்வாரத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன சுவிட்ச். "கரண்ட் போச்சுன்னா இடது பக்கத்தைக் கீழ இறக்குங்க, ஜெனரேட்டரைப் போடுங்க, அப்புறம் வலது பக்கத்தை மேல தூக்குங்க. கரண்ட் வந்ததும் மாத்திப் பண்ணுங்க" என்று என் அண்ணன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனும் கவனமாகக் கற்றுக்கொண்டான். பத்து மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி, எதிர்வீட்டுத் தென்னையின் மட்டை விழுந்து தெரு லைனில் பேஸ் கம்பி அறுந்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் வரும் கடைசித் துண்டு மட்டும் தனியாகப் பிரிந்து, எங்கள் கம்பத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. இருட்டிலும் மழையிலும் அது யார் கண்ணிலும் படவில்லை. காலை ஆறரைக்கு அப்பாவுக்கு இரைப்பு கூடியது. பையன் ஓடிப்போய் ஜெனரேட்டரை இழுத்துப் போட்டு, வலது பக்க சுவிட்சைத் தூக்கினான். இடது பக்கத்தை இறக்க மறந்துவிட்டான். தாத்தா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆகும். அவன்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "டீச்சர், கரண்ட் வந்துருச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஜெனரேட்டர் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டில் எரிந்தது எங்கள் ஜெனரேட்டர் கரண்ட். எங்கள் மீட்டர் வழியாகத் தெருக் கம்பத்துக்கு ஏறி, அங்கிருந்து அவர் வீட்டுக்கு இறங்கியிருக்கிறது. அறுந்து தொங்கிய முனையிலும் அதே கரண்ட் இருந்திருக்கிறது. அந்த வழியாகத்தான் அவர்கள் வீட்டு மாட்டை வயலுக்கு ஓட்டிப் போவார்கள்.

ஏழே காலுக்கு லைன்மேன் வந்தார். டிரான்ஸ்பார்மரில் பியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் கணக்குப்படி அந்தக் கம்பியில் கரண்ட் இருக்கக் கூடாது. வயதில் மூத்தவர், பழகிய கை. கம்பத்தில் கை வைப்பதற்கு முன்னால் தொங்கிய முனையில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்திருக்கிறார். பல்ப் பளிச்சென்று எரிந்திருக்கிறது. நேராக எங்கள் வாசலுக்கு வந்து, "யாரு வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது? உடனே நிறுத்துங்க" என்று கத்தினார். பையன் நிறுத்தியதும் திண்ணையில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிய கை நடுங்கியது.

அப்புறம் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "டீச்சர், இது சேஞ்ச் ஓவரே இல்ல. ரெண்டு எம்.சி.பி. பூட்டி வச்சிருக்கான்" என்றார். அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. உங்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சேஞ்ச் ஓவர் என்பது ஒரே கைப்பிடி. ஒரு பக்கம் தள்ளினால் ஈ.பி., மறுபக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் வைத்தால் இரண்டும் கிடையாது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்றைத் தொட முடியும் என்று உள்ளே இரும்பிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் போட்டாலும் பதற்றத்தில் போட்டாலும் இரண்டும் சேராது. இரண்டு எம்.சி.பி.யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தத் தடை எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கிவிடலாம். எல்லாம் சுவிட்சைப் போடுகிறவரின் ஞாபகத்தை நம்பி நிற்கிறது. இரண்டும் மேலே இருக்கும்போது ஈ.பி. கரண்ட் திரும்பி வந்துவிட்டால், இரண்டும் மோதி ஜெனரேட்டரின் வைண்டிங்கே எரிந்துபோகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றையும் சொன்னார். எங்கள் கம்பி அறுந்திருந்ததால் கரண்ட் இரண்டு வீட்டோடு நின்றது. அறுந்திருக்காவிட்டால், பியூஸ் பிடுங்காத நேரமாக இருந்தால், அது டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகப் பார்க்கும். தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கு 230 ஆகக் குறைத்துக் கொடுக்கிறது. அதே டிரான்ஸ்பார்மருக்குள் நம் 230 பின்பக்கமாக நுழைந்தால் மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். பல சமயம் தெருவின் பளு தாங்காமல் சின்ன ஜெனரேட்டர் அணைந்துவிடும். அணையாத ஒரு தடவை போதும், அரை மைல் தள்ளி மெயின் லைனில் வேலை செய்கிறவர் உயிரை எடுக்க. சப் ஸ்டேஷனில் லைன் கிளியர் வாங்கி, ஆஃப் செய்த லைன் என்று நம்பித்தான் அவர் ஏறியிருப்பார்.

இன்னொரு குறையும் இருந்தது. சீட்டில் டபுள் போல் என்று எழுதியிருந்தார்கள். மாட்டியிருந்த இரண்டும் சிங்கிள் போல். பேஸ் மட்டும்தான் வெட்டுப்படும். நியூட்ரல் ஒயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதனால் பையன் ஒவ்வொரு முறையும் சரியாகவே செய்திருந்தாலும் ஜெனரேட்டரின் ஒரு முனை தெருவோடு சேர்ந்தேதான் இருந்திருக்கும். ஜெனரேட்டர் பிளக்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிப்போனால், நியூட்ரல் கம்பி வழியாகவே கரண்ட் தெருவுக்குப் போய்விடும். அதனால்தான் வீட்டு சேஞ்ச் ஓவர் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மூன்று பேஸ் சர்வீஸ் இருந்தால் நான்கு போல் உள்ளது வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கேபிள் 6 ஸ்கொயர் இல்லை, 2.5. ஐந்து கேவிஏ முழுதாக ஓடினால் 21 ஆம்ப்ஸுக்கு மேல் போகும், அந்த மெல்லிய கேபிளுக்கு அது பாரம். முறுக்கிய இடத்தில் டேப் உருகிக் கறுத்திருந்தது. எர்த் குழி வெட்டவே இல்லை. கொல்லைக் குழாயில் ஒரு பச்சை ஒயரைச் சுற்றி விட்டிருந்தார்கள். மேலே தெரிகிற ஒரு முழம்தான் இரும்பு, மண்ணுக்குள் போவது பிவிசி. அதில் எர்த் எங்கே இறங்கும்? ஜெனரேட்டரைத் தாழ்வாரத்தில் வைத்ததும் தவறுதான். அப்பா படுக்கும் அறையின் ஜன்னல் நான்கு அடி தூரத்தில். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தாலும் இடுக்கு வழியாக வந்து தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மூச்சிரைப்புக்காரர் வீடு என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

கடைக்குப் போனேன். "எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் போட்டுத் தர்றோம், யாரும் குறை சொல்லலயே. உங்க பையன் ஒழுங்கா போடலைன்னா நாங்க என்ன பண்றது" என்றார் கடைக்காரர். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அண்ணே, அந்த மனுஷன் கம்பத்துல செத்திருந்தா அவர் பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்லுவீங்க" என்று கேட்டேன். பதில் இல்லை. அவர் மாட்டிய பொருளின் விலை எல்லாம் சேர்த்து ஆயிரம் தேறாது. காசைக்கூட விடலாம். எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் என்று அவர் சொன்னதை நினைத்தால்தான் இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வரவில்லை.

சேஞ்ச் ஓவருக்கான 6,200-ஐ மட்டும் இரண்டாம் முறை போனபோது திருப்பிக் கொடுத்தார். மீதி 12,400-க்குத் திருவாரூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள். பில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. அவர் கையெழுத்தில் உள்ள சீட்டு, போனில் பணம் போன விவரம், பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் எடுத்த போட்டோக்கள், இவற்றைச் சேர்த்திருக்கிறேன். உங்களுக்கு இப்படி நடந்தால், தயவு செய்து போட்டோ எடுப்பதற்கு முன் எதையும் பிரிக்காதீர்கள்.

இப்போது செய்திருக்கும் வேலையை, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்று வைத்திருப்பவர் செய்தார். சான்றைக் கேட்டேன், எடுத்துக் காட்டினார், அதற்காக முகம் சுளிக்கவில்லை. ஜெனரேட்டர் கொல்லையில், வெள்ளம் ஏறாத உயரத்தில் மேடை கட்டி, கூரை போட்டு நிற்கிறது. எர்த்துக்குத் தனிக் குழி. வீட்டு லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. சேஞ்ச் ஓவரின் உடம்பிலேயே ஆம்ப்ஸ், போல், தர எண் எல்லாம் அச்சடித்திருக்கிறது. மாட்டும்போது பக்கத்திலேயே நின்று படித்தேன். எனக்கும் பையனுக்கும் முன்னால் ஜெனரேட்டரை ஓடவிட்டு, மீட்டர் பக்கம் டெஸ்டர் வைத்து, அங்கே ஒன்றும் வரவில்லை என்று காட்டிவிட்டுத்தான் கூலி வாங்கினார்.

உங்கள் வீட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைக் கழற்ற வேண்டாம். முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள், மீட்டர் பக்கத்து மெயின் சுவிட்சையும் அணையுங்கள். ஈ.பி.க்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி நெம்புகோல் இருக்கிறதா, இரண்டையும் ஒரே நேரத்தில் மேலே தூக்க முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அது சேஞ்ச் ஓவர் இல்லை. பார்த்ததும் ஜெனரேட்டர் பக்கத்தை இறக்கிவிட்டுத்தான் மெயினைப் போடுங்கள். இரண்டு எம்.சி.பி.க்கும் நடுவில் தகடு வைத்து ஒன்று ஏறினால் மற்றது ஏறாதபடி பூட்டியிருந்தால் பரவாயில்லை, ஆனால் நியூட்ரலும் மாறுகிறதா என்று வயர்மேனிடம் கேளுங்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒயரை சாக்கெட்டில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றுகிற பழக்கம் கஜா சமயத்தில் எங்கள் ஊரில் நிறைய இருந்தது. இன்னும் சிலர் செய்கிறார்கள். ஒரு முனையைச் சொருகியதும் மறு முனையின் பித்தளைக் கால்களில் கரண்ட் நிற்கும், குழந்தை தொட்டாலும் போய்விடும். அந்த ஒயர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெட்டிப் போடுங்கள்.

எங்கள் தெருவில் அதே கடை மாட்டிய வெள்ளைப் பெட்டி இன்னும் மூன்று வீட்டில் இருந்தது. லைன்மேனும் நானும் சேர்ந்து போய்ச் சொன்னோம். இரண்டு வீட்டில் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது வீட்டில், அறுப்பு முடிந்து காசு வரட்டும் என்கிறார்கள். அதுவரை ஜெனரேட்டரை வீட்டு லைனில் சேர்க்காமல், எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்து ஃபேனும் லைட்டும் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அந்தப் பெட்டியிலிருந்து ஜெனரேட்டர் ஒயரை வயர்மேனை வைத்துக் கழற்றிவிட்டோம்.