டெல்லி – காத்மாண்டு: ஏ ஜன்னலா, எஃப் ஜன்னலா?

இந்த வழியில் விமானம் ஏறத்தாழ கிழக்கு நோக்கிப் பறக்கிறது. இமயமலை வடக்கே நீண்டு கிடக்கிறது. அதனால் இடப்பக்க ஜன்னலான ஏ-வுக்குத்தான் என் ஓட்டு. வானம் தெளிந்திருந்தால் தௌலகிரி (8,167 மீட்டர்), அன்னபூர்ணா (8,091), மனாஸ்லு (8,163) என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெயில் தெற்கிலிருந்து விழுவதால் பனிமுகடுகள் பளிச்சென்று தெரியும், கண்ணும் கூசாது. அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்ல காலம். ஜூலையில் போனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் மேகம்தான்.

வலப்பக்க எஃப்? கீழே வட இந்தியச் சமவெளி, வயல்கள், வளைந்தோடும் ஆறுகள். மோசமில்லை. ஆனால் குளிர்காலத்தில் முகத்தில் வெயிலடிக்கும், சமவெளியில் மூடுபனியும் இருக்கும். ஒரே ஆறுதல், காத்மாண்டுவில் நெரிசல் என்று விமானத்தை வானில் வட்டமடிக்க வைத்தால் எஃப்காரர்களுக்கும் மலை கிடைத்துவிடும். அதை நம்பி டிக்கெட் போட முடியாது!

சரி, ஏ என்று முடிவாகிவிட்டது, எந்த வரிசை? இறக்கைக்கு மேல் வேண்டவே வேண்டாம், பாதிக் காட்சி போய்விடும். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் எஞ்சினின் சூடான காற்றில் படங்கள் கலங்கலாக வரும். முன்வரிசைகளே மேல்.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ்: எஃப் கேளுங்கள். எவரெஸ்ட் காத்மாண்டுவுக்கும் கிழக்கே இருப்பதால், அதை அருகில் பார்க்க ஆசைப்படுபவர்கள் அங்கிருந்து பூட்டானின் பாரோவுக்குப் போகும் விமானத்தில் இடப்பக்கம் உட்கார வேண்டும்.