புரத மடிப்பை அவிழ்க்க யூரியாவா, குவானிடினா?

ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதியான ரிபோநியூக்ளியேஸ் புரதத்தை அவிழ்க்க உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் எடுத்தது 8 மோலார் (லிட்டருக்கு 8 மோல்) யூரியா. அந்தப் புரதத்தின் நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகளை (கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளை) உடைக்க மெர்காப்டோஎத்தனால். இரண்டையும் நீக்கியதும் புரதம் தானாகவே மடிந்து மீண்டும் வேலை செய்தது. 1972 நோபல் பரிசுக்கு வழிவகுத்த அருமையான சோதனை அது.

யூரியாவுக்கு மின்சுமை இல்லை. உப்புப் பாலங்கள் (புரதத்துக்குள் எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்புகள்) புரதத்தை எவ்வளவு தாங்குகின்றன என்று அறிய அதுவே சரி. 8 மோலார் கரைசலுக்கு, 100 மி.லி.க்கு 48 கிராம் யூரியா. கரையும்போது புட்டி சில்லிட்டுப்போகும், அவசரப்பட்டுச் சூடாக்கிவிடாதீர்கள். சூட்டில் யூரியாவிலிருந்து சயனேட் உருவாகி, புரதத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். மூலக்கூறு எடையை அளக்கும் நிறைநிறமாலைமானியில் ஒவ்வொரு ஒட்டலுக்கும் 43 டால்டன் எடை கூடுதலாகத் தெரியும். அன்றன்று கலக்குவதே நல்லது.

குவானிடின் ஹைட்ரோகுளோரைடு வலுவானது. யூரியாவுக்கு மசியாத புரதமும் 6 மோலாரில் பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். ஆனால் அது ஓர் உப்பு. மின்சுமை ஈர்ப்புகளை மறைத்துவிடும். மாதிரியை அப்படியே எஸ்டிஎஸ் ஜெல்லுக்கு (புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சோதனைக்கு) கொண்டுபோனால், குவானிடின் எஸ்டிஎஸ்ஸுடன் சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து படியும்; முதலில் டயாலிசிஸ் செய்து (சவ்வு வழியே வெளியேற்றி) குவானிடினை நீக்குங்கள். குவானிடின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் எடைக் கணக்கை நம்பாமல், ஒளிவிலகல் எண்ணை அளந்து செறிவை உறுதிசெய்யுங்கள்.